சுங்கை சிப்புட்டில் ஒரு சிப்பிப்பாறை: தோட்டத்து ஊரில் வேட்டை நாயை வளர்க்கும் முறை

விருதுநகர் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயர்தான் சிப்பிப்பாறை நாய்க்கும் பெயர். மலாயில் சிப்புட் என்றால் நத்தை, சிப்பி வகை. பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்தால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு இதைவிடத் தோதான நாய் கிடையாது. மற்ற ஒன்பது பொருத்தத்தையும் வளர்ப்பவர்தான் உண்டாக்க வேண்டும்.

வெயிலுக்குப் பயப்பட வேண்டாம். கரிசல் காட்டு வெயிலில் முயல் துரத்திய சாதி இது. முடி குட்டை, உடம்பில் கொழுப்பு குறைவு. ஆனால் அங்கே அடிப்பது வறண்ட வெயில், இங்கே ஈரக் காற்று. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும், ஈரக் காற்றில் அது சரியாக நடக்காது. ஓடி முடித்து 10 நிமிடம் ஆகியும் இரைப்பு அடங்கவில்லை, நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகத் தெரிகிறது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வண்டியை எடுங்கள்.

உண்மையான தொல்லை வேறு. மோப்பத்தை நம்பாமல் கண்ணை நம்பி ஓடும் நாய் இது. செம்பனை (எண்ணெய்ப்பனை) நிரையில் அரை கிலோமீட்டருக்குக் கண் தடையில்லாமல் போகும். அந்த நிரையில் எலி மருந்து, சுருக்குக் கம்பி, மட்டை முள், உண்ணி, நிரை முடியும் இடத்தில் கம்பத்துக்காரர் (மலாய்க் கிராமத்தார்) கோழி. இவ்வளவையும் மனத்தில் வைத்துத்தான் வீட்டையும் பழக்கத்தையும் அமைக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

மலேசியாவில் இந்த இனம் அபூர்வம், அதனால் ஏமாற்று சுலபம். உள்ளூர் நாயும் கிரேஹவுண்டும் கலந்த குட்டியைச் சிப்பிப்பாறை என்று தள்ளிவிடுவார்கள். 8 வாரக் குட்டியைப் பார்த்து இனம் சொல்வது தேர்ந்த கைக்கே கடினம். தாயையும் தகப்பனையும் நேரில் பாருங்கள். வளர்ந்த நாய் தோள்வரை ஏறத்தாழ 60 முதல் 65 செ.மீ. உயரம், 15 முதல் 20 கிலோ எடை. முகம் நீண்டு ஒடுங்கி, மார்பு ஆழமாக இறங்கி, வயிறு உள்வாங்கி இருக்கும். இன்னொரு வினையும் உண்டு: இருக்கும் நாய்களே கொஞ்சம் என்பதால் ஒரே ஈற்றுக் குட்டிகளை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறார்கள். "இதன் தாய்வழிப் பாட்டி யார்?" என்று கேளுங்கள். பதில் இழுத்தால் விட்டுவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவருவதானால் இறக்குமதி அனுமதி முதலில், மற்றதெல்லாம் பிறகு. மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, நலச் சான்றிதழ் எல்லாம் ஒரே சிப் எண்ணைக் காட்ட வேண்டும். வந்திறங்கியதும் தனிமைப்படுத்தல் உண்டு. அனுமதி கைக்கு வருமுன் விமான டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஊராட்சியின் நாய் லைசன்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழக எல்லையில் வருகிறது. ஒரு வீட்டுக்கு எத்தனை நாய், கட்டணம் எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும், கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். அபூர்வ இனத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை: லைசன்ஸ், தடுப்பூசி அட்டை, சிப் பதிவு மூன்றிலும் இனத்தின் பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதச் சொல்லுங்கள். ஒன்றில் சிப்பிப்பாறை, ஒன்றில் கிரேஹவுண்ட், ஒன்றில் கலப்பு என்று இருந்தால், நாய் தொலைந்த அன்று அது உங்கள் நாய்தான் என்று நிரூபிக்க அலைய நேரும்.

வேலியும் ஆட்டோ கேட்டும்

தாமான் (குடியிருப்பு) வீட்டு முன்சுவர் பெரும்பாலும் 4 அடி. அதை இந்த நாய் சும்மா தாண்டும். 6 அடி வேண்டும். சுவருக்கு மேல் பிஆர்சி கம்பி வலையைப் போல்ட் போட்டு உயர்த்துவது மலிவு. முள்கம்பி, கண்ணாடிச் சில்லு இரண்டும் கூடாது. தாண்ட முயன்று தொங்கினால் தோல் கிழிந்துவிடும். மண் தரையில் வேலி நிற்கிறதென்றால் வலையை 30 செ.மீ. ஆழம் புதையுங்கள், அல்லது அடியில் சிமெண்டு வரம்பு கட்டுங்கள்.

உயரத்தைக் கூட்டிவிட்டு, சுவரோரத்தில் துணி துவைக்கும் மெஷினையும் பூந்தொட்டி வரிசையையும் அப்படியே விட்டுவைப்பவர்கள் அதிகம். அது நாய்க்கு ஏணி. சுவரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் ஏறி நிற்க ஒன்றும் இருக்கக் கூடாது. லோங்காங் (வடிகால்) வீட்டுக்குள் நுழையும் துவாரத்துக்கும் கம்பி வேண்டும். குட்டி அந்த வழியாகத்தான் முதல் உலா போகும்.

ஆனால் வேலியைத் தாண்டி ஓடும் நாயைவிட ஆட்டோ கேட் வழியாக ஓடும் நாய்தான் அதிகம். வேலை முடிந்து வருகிறவர் தெருமுனையிலேயே ரிமோட்டை அழுத்துகிறார், கேட் 4 மீட்டர் திறக்கப் பத்துப் பதினைந்து நொடி, மூட இன்னொரு பத்துப் பதினைந்து நொடி. மணிக்கு 50 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் நொடிக்கு 14 மீட்டர். செம்பனையை 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறார்கள், ஆக நொடிக்கு ஒன்றரை மரம். பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிடுவதற்குள் நாய் ஐந்தாவது மரத்தில் இருக்கும்.

இதற்கு மருந்து இரண்டாம் கதவு. கேட்டுக்கும் நாய்க்கும் இடையில் எப்போதும் மூடிய இன்னொன்று இருக்க வேண்டும்: வாசலில் குறுக்கே ஒரு சின்ன உள்கேட், இடமில்லாவிட்டால் வீட்டுக் கிரில். வாய்ப்பாடு ஒன்றுதான்: கிரில் பூட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகே ரிமோட். வீட்டிலுள்ள எல்லோரும், பள்ளிப் பிள்ளை உட்பட, இதைப் பழக வேண்டும். இடி மழையில் ஆட்டோ கேட் பாதியில் நின்றுவிடுவது நம் ஊரில் சாதாரணம். அதற்கென்று ஒரு சங்கிலியும் பூட்டும் கேட் ஓரத்திலேயே தொங்கட்டும்.

பட்டை, கயிறு, வாய்க்கூடை

சிப்பிப்பாறையின் கழுத்து தலையைவிடப் பருமன். சாதாரண பட்டையைப் போட்டால் நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்ட்டிங்கேல் பட்டை வாங்குங்கள்: இழுத்தால் ஓரளவு இறுகும், அதற்கு மேல் இறுகாது. அகலம் 4 முதல் 5 செ.மீ., காதுக்குக் கீழே கழுத்தின் மேற்பகுதியில் நிற்க வேண்டும். முழுக்க இறுகிய நிலையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். வீட்டுக்குள் இதைக் கழற்றிவிடுங்கள், கிரில் கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

கயிறு 1.8 மீட்டர், தட்டையான நைலான். சுருண்டு நீளும் கயிறு இந்த நாய்க்கு ஆகவே ஆகாது. 5 மீட்டர் ஓடி வேகம் பிடித்தபின் கயிறு முடியும்போது அந்த அடி முழுவதும் கழுத்தில் இறங்கும். 10 மீட்டர் நீளக் கயிறு பயிற்சிக்கு வேண்டும், அதைப் பட்டையில் மாட்டாமல் மார்புக் கச்சையில் மட்டும் மாட்டுங்கள்.

வாய்க்கூடை என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கிரேஹவுண்ட் அளவில் வரும் பிளாஸ்டிக் கூடை இருக்கிறதே, அதற்குள் நாய் வாய் திறந்து இரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். கடிக்கவும் எலி மருந்தைத் தின்னவும் முடியாது. தோட்ட ஓரம் நடக்கிறவர்களுக்கு இது கோழிக்கும் காப்பு, நாய்க்கும் காப்பு. துணியாலான இறுக்க வாய்க்கட்டு நம் ஈரத்தில் ஆபத்து, வாங்காதீர்கள். பழக்க ஒரு வாரம் பிடிக்கும்: முதல் இரண்டு நாள் கூடைக்குள் ஈரல் துண்டு வைத்து நாயே மூக்கை நுழைக்கட்டும், அப்புறம் வாரை 5 நொடி, 30 நொடி, 5 நிமிடம் என்று மாட்டிப் பழக்குங்கள்.

நடையும் ஓட்டமும்

காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் நிரைக்குள் போய்விட்ட பிறகு, வெயில் ஏறுமுன் ஒரு நடை, மாலை 6.30க்கு மேல் இன்னொன்று. ஒவ்வொன்றும் 30 முதல் 40 நிமிடம். தார் ரோட்டில் புறங்கையை 7 நொடி வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் நடக்க முடியாது. மதியத்துக்குப் பிறகு குலை லாரிகள் ஓடும் மண் சாலையைத் தவிர்த்துவிடுங்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை முழு வேக ஓட்டம் வேண்டும். நாலு பக்கமும் வேலியுள்ள இடம் கிடைத்தால்தான் அவிழ்க்கலாம். ஊர்த் திடலில் வேலி இல்லையென்றால் நீளக் கயிறுதான். "என் நாய் சொன்னால் கேட்கும்" என்பது முயலோ மூசாங் என்னும் மரநாயோ ஓடாத வரைக்கும்தான். தோட்டத்துக்குள் அவிழ்ப்பது இந்தக் கட்டுரையில் எங்கும் அனுமதிக்கப்படவில்லை: காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பி புல்லோடு புல்லாகக் கிடக்கும், ஓடும் நாயின் கண்ணுக்கு அது தெரியாது.

கூப்பிட்டால் வருவதற்குக் குரலைவிடச் சீட்டி நல்லது. யார் ஊதினாலும் ஒரே ஒலி, பயத்தில் நடுங்காது. அவித்த கோழி ஈரலைச் சுண்டுவிரல் நகமளவு நறுக்கி வைத்துக்கொண்டு நாளுக்கு 10 முறை வீட்டுக்குள் ஊதுங்கள், வந்ததும் ஈரல். இரண்டு வாரம் கழித்து வாசலில், அப்புறம் திடலில் நீளக் கயிற்றோடு. அந்தச் சீட்டியைக் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் ஒருபோதும் ஊதாதீர்கள்.

கோழி விஷயத்தில் நேராகச் சொல்லிவிடலாம்: பழக்கம் ஆசையைக் குறைக்கும், ஒழிக்காது. 30 மீட்டர் தள்ளி நின்று, நாய் கோழியைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் அந்த நொடியில் ஈரல் கொடுங்கள். வாரம் 5 மீட்டர் நெருங்குங்கள். உடம்பு விறைத்து, காது முன்னுக்கு வந்து, ஈரலை வாயில் வாங்காமல் கீழே விட்டால் நெருங்கியது அதிகம், பின்வாங்குங்கள். கொன்ற கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் பழைய வைத்தியம் ஒன்றுக்கும் உதவாது. நாற்றம் மட்டும்தான் மிச்சம். கொன்றுவிட்டால் அன்றைக்கே கோழிக்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்ட வெள்ளியைக் (ரிங்கிட்டை) கொடுத்துவிட்டு வாருங்கள். காசைவிட அந்த முகம் முக்கியம்.

மலாய் அண்டை வீட்டாருக்கு நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் கழுவிச் சுத்தம் செய்யும் சமயக் கடமை உண்டு. எதிரே வந்தால் நீங்களே சாலையின் மறுபக்கம் போய்க் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள். சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) பக்கமுள்ள பாதையைத் தொழுகை நேரத்தில் விட்டுவிடுங்கள்.

"சோறு போடலையா?"

இந்தக் கேள்வி வாரம் ஒருமுறை வரும். நல்ல நிலையிலுள்ள சிப்பிப்பாறைக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். தெரியக் கூடாதது இடுப்பெலும்பின் கூர்முனையும் முதுகுத் தண்டின் கணுக்களும். விலாமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினால் மெல்லிய துணிக்கடியில் பென்சில்களை அடுக்கியதுபோல் இருக்க வேண்டும். துணியே இல்லாததுபோல் இருந்தால் இளைப்பு, பென்சிலைத் தேடினால் பருமன். அண்டை வீட்டார் பேச்சுக்காகச் சோற்றை ஏற்றிப் பருக்கவைத்தால் மெலிந்த கால் எலும்புதான் அந்தப் பாரத்தைச் சுமக்கும். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின்கீழ் பட்டினி போடுவது குற்றம், ஆகவே யாராவது புகார் செய்யவும் கூடும். மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைத்த ஒரு தாள் போதும் பதிலுக்கு.

18 கிலோ நாய்க்கு நாளுக்கு 950 முதல் 1,000 கிலோகலோரி வேண்டும். உலர் தீவனம் என்றால் 260 முதல் 280 கிராம். வீட்டுச் சாப்பாடு என்றால் ஒரு நாளைக்கு: வடித்த சோறு 300 கிராம், எலும்பில்லாத கோழி 300 கிராம், ஈரல் 30 கிராம், பூசணி 100 கிராம், எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, முட்டை ஓட்டுப் பொடி அரை முதல் முக்கால் தேக்கரண்டி. ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்து மாவாக அரைக்க வேண்டும். கோழியும் சோறும் மட்டும் போட்டால் சுண்ணாம்புச் சத்து வராது, மாதக் கணக்கில் எலும்பு தேயும். இந்தக் கணக்கிலும் துத்தநாகம், அயோடின், வைட்டமின் இ பற்றாது. அதனால் பாதி தீவனம், பாதி வீட்டுச் சாப்பாடு என்பதே நடைமுறைக்குச் சரி. ஒரு வயதுக்குட்பட்ட குட்டிக்குக் குட்டித் தீவனம் மட்டும் கொடுங்கள்.

மிஞ்சிய கறிக் குழம்பு வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுவை உடைக்கும். பொரித்த கோழி எலும்பு, ரம்புத்தான் கொட்டை, டுரியான் கொட்டை மூன்றும் குடலை அடைக்கும் அல்லது குத்தும். நிரையில் கிடக்கும் செம்பனை உதிரிப்பழத்தை நாய்கள் ருசித்துத் தின்னும். எண்ணெய் மிகுந்து வாந்தியும் கணைய வீக்கமும் வரும்.

மார்பு ஆழமான நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. நாளுக்கு இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கு ஓட விடாதீர்கள். குமட்டுகிறது, ஆனால் ஒன்றும் வெளியே வரவில்லை, வயிறு தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கிறது என்றால் காலைவரை காத்திருக்க நேரமில்லை. இரவு திறந்திருக்கும் ஈப்போ கிளினிக் எது என்று இன்றைக்கே விசாரித்து எண்ணைப் போனில் போட்டுவையுங்கள்.

உண்ணியும் இரத்தச் சோதனையும்

அபூர்வ இனம் என்பதன் முழு அர்த்தமும் இங்கேதான் தெரியும், நிறுத்திப் படியுங்கள்.

நம் ஊர் நாய் உண்ணி பழுப்பு நிறம். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும், அதுவும் நாய்மேல் இல்லை. சுவர் வெடிப்பில், கேட் தூணில், கூரைச் சட்டத்தில். அது மேல்நோக்கி ஏறும் பூச்சி, ஆகவே தரையைக் கழுவி ஒன்றும் ஆகாது. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி 2 மீட்டர் உயரம் வரை வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, நாயை வெளியேற்றிவிட்டு மருந்தடித்து, 2 முதல் 3 வாரத்தில் மறுபடியும் அடிக்க வேண்டும். முதல் அடிக்குத் தப்பிய முட்டைகள் அப்போதுதான் பொரித்திருக்கும்.

நாய்க்கு நெக்ஸ்கார்ட், பிராவெக்டோ, சிம்பாரிகா வகை மாத்திரைகளில் ஒன்றை எடைக்குத் தக்கபடி, தவணை தவறாமல் கொடுங்கள். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இவை கடித்த உண்ணியைத்தான் கொல்லும். உண்ணிக் காய்ச்சல் கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே உடம்பில் ஏறிவிடும். ஆகவே மாத்திரை கொடுத்தாலும் தினமும் கையால் தடவிப் பார்க்க வேண்டும்: காது மடிப்பு, காதுக்குள், பட்டைக்கடியில், அக்குள், விரலிடுக்கு, வாலடி. குட்டை முடி என்பதால் 3 நிமிட வேலை. உண்ணியைச் சிமிட்டாவால் (சிறு இடுக்கியால்) தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் போத்தலில் போடுங்கள். நகத்தால் நசுக்குவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சிகரெட்டால் சுடுவதும் வேண்டாம்.

மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தைக் கொட்டகையிலிருந்து வாங்கி நாய்க்கு ஊட்டும் பழக்கம் தோட்டங்களில் உண்டு. மாட்டுக்கான செறிவில் அளவு தவறினால் இவ்வளவு மெலிந்த நாய் நடுங்கி விழக்கூடும். இதயப்புழுவுக்கு மாத மாத்திரை தனியாக இருக்கிறது. அதைத் தொடங்குமுன் 7 மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கு இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

இப்போது சோதனைத் தாள். டெங்கியின் புண்ணியத்தில் பிளேட்லெட் என்றால் என்னவென்று நம் ஊரில் பாட்டிக்கும் தெரியும். சாதாரண நாய்க்குப் பிளேட்லெட் ஒரு மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம். கிரேஹவுண்ட் போன்ற பார்வை வேட்டை நாய்களுக்கு 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை இருப்பதே இயல்பு. சிவப்பணு அடர்த்தியைக் காட்டும் பிசிவி சாதாரண நாய்க்கு 37 முதல் 55. இவற்றுக்கு 50 முதல் 65. சிறுநீரகத்துக்காகப் பார்க்கும் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாகவும், தைராய்டு அளவு குறைவாகவும் நிற்கும்.

இது தெரியாமல் தாளைப் படித்தால் என்ன நடக்கும்? பிளேட்லெட் 1 லட்சத்து 40 ஆயிரம் என்றதும் உண்ணிக் காய்ச்சல் என்று 28 நாள் மருந்து ஆரம்பமாகும். பிசிவி 58 என்றதும் உடம்பில் நீர் இல்லையென்று டிரிப் ஏறும். இதைவிட மோசம் மறுபக்கம்: பிசிவி 40 என்று வந்தால் இயந்திரம் 'இயல்பு' என்று அச்சடிக்கும், ஆனால் 58இல் இருந்த நாய் 40க்கு வந்திருந்தால் அது மூன்றில் ஒரு பங்கு இரத்தத்தை இழந்த நாய். டாக்டர்மேல் பிழை இல்லை. அவர் கைக்கு வருவது லாப்ரடாரும் தெருநாயும், சிப்பிப்பாறை எப்போதாவதுதான்.

ஆகவே நாய்க்கு ஒன்றரை வயதாகி, நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முழு இரத்தச் சோதனை செய்யுங்கள். கூடவே உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப்புழுவுக்குமான கிட் சோதனை. இயந்திரம் பிளேட்லெட் திரளை எண்ணத் தவறும், எனவே கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்த்த எண்ணிக்கையையும் கேளுங்கள். தாளைப் படமெடுத்துப் போனில் வையுங்கள். அடுத்தமுறை காய்ச்சல் வரும்போது டாக்டர் ஒப்பிட வேண்டியது புத்தகத்து நாயோடு அல்ல, இதே நாயின் நல்ல நாளோடு.

சாப்பாட்டை மறுப்பது, ஈறு வெளுப்பது, வயிற்றுத் தோலில் ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் இரத்தம், இவை உண்ணிக் காய்ச்சலின் முகங்கள். அதற்கான 28 நாள் மருந்தாக டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் சாப்பாட்டோடு கொடுத்துப் பின்னாலேயே தண்ணீர் காட்டுங்கள், மாத்திரை தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். மூன்றாம் நாளே நாய் துள்ளும்; 28 நாளையும் முடியுங்கள்.

மயக்க மருந்து கொடுக்கும் எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் மூன்று விஷயம் சொல்லுங்கள்: இது கிரேஹவுண்ட் வகை உடம்பு; தயோபென்டல் போட்டால் எழ வெகுநேரம் ஆகும், புரோப்போஃபால் போன்றவை நல்லது; கொழுப்பில்லாததால் மேசையில் சீக்கிரம் உடம்பு சில்லிட்டுவிடும், போர்த்த வேண்டும். சிக்கலான வழக்கென்றால் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது, டாக்டரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

எலி மருந்து

செம்பனையில் எலி மருந்து மெழுகுக் கட்டியாக மரத்தடியில் வைக்கப்படும். இரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும் வகை. எப்போது வைக்கிறார்கள், பெட்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று கிராணியிடமோ (கணக்கர்) மண்டோரிடமோ (மேற்பார்வையாளர்) கேட்டு எழுதி வையுங்கள்; வார்ஃபரினா, புரோடிஃபாக்கமா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையின் நீளம் மாறும்.

தின்ற அன்றைக்கு நாய் நன்றாகவே இருக்கும். 3 முதல் 5 நாள் கழித்துத்தான் சோர்வு, இருமல், மூக்கில் இரத்தம். தின்றதைப் பார்த்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் கிளினிக்கில் வாந்தி எடுக்கவைக்கலாம். வீட்டில் உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், உப்பே விஷமாகும். மாற்று மருந்து வைட்டமின் கே1. கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் உடம்பில் ஏறும். வார்ஃபரினுக்கு இரண்டு வாரம், புரோடிஃபாக்கம் போன்ற புதிய வகைக்கு 3 முதல் 4 வாரம். கடைசி மாத்திரைக்கு 48 மணி நேரம் கழித்து இரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் இரத்தம், இதிலும் மூக்கில் இரத்தம். பிரித்தறிய இரண்டு சோதனையும் வேண்டும்: உண்ணியென்றால் பிளேட்லெட் அடிமட்டத்தில், உறையும் நேரம் சாதாரணம், எலி மருந்தென்றால் உறையும் நேரம் நீண்டுகொண்டே போகும். நாய் நடந்த பாதையில் மருந்து வைத்திருந்தது என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள்.

களைக்கொல்லி அடித்த நிரையில் காயும்வரை நடக்காதீர்கள், வீடு வந்ததும் பாதத்தைக் கழுவுங்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை. ஆனால் பழைய கொட்டகை மூலையில் மிஞ்சிய போத்தல் கிடக்கலாம். நம் பக்கம் உள்ள கறுப்புத் துப்பு நாகம் கண்ணைக் குறிவைத்து நஞ்சைத் துப்பும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே கிளம்புங்கள். தேரையைக் கவ்வி நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து ஈரத்துணியால் ஈறுகளையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். தண்ணீரை உள்ளே போகும்படி பீய்ச்ச வேண்டாம்.

தோல்

காகிதம்போன்ற தோல். மட்டை முள் குத்தினால் மேலே ஒரு புள்ளிதான் தெரியும், நுனி உள்ளே முறிந்திருக்கும். எக்ஸ்ரேயில் அது தெரியாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சிமிட்டாவால் எடுங்கள், புதைந்திருந்தால் ஊசியால் தோண்டாமல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 10 நிமிடம் நாளுக்கு இருமுறை ஊறவையுங்கள். இரண்டு நாளில் வீங்கினால் டாக்டர். கிழிசலென்றால் சலைன் ஊற்றிக் கழுவி, ஈரத் துணியால் மூடி, 6 மணி நேரத்துக்குள் தையலுக்குக் கொண்டுபோங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் அப்பிக் கொண்டுபோனால் அதைச் சுரண்டி எடுக்கத்தான் முதல் அரை மணி நேரம்.

சிமெண்டுத் தரையில் படுத்தால் முழங்கையில் காய்ப்பு ஏறும். 8 முதல் 10 செ.மீ. கனமுள்ள ஃபோம் மெத்தை, கித்தான் உறை. மழைக்காலத்தில் வாரம் இருமுறை வெயிலில் போடுங்கள்.

பட்டாசும், ஓடிப்போனால் செய்வதும்

தீபாவளி, சீனப் புத்தாண்டு, கோயில் திருவிழா உறுமி மூன்றுக்கும் முன்னேற்பாடு ஒன்றுதான். மாலை 5 மணிக்குள் நடையை முடித்து, சன்னல் குறைந்த அறையில் மெத்தை, மின்விசிறி, வானொலியோடு உள்ளே விடுங்கள். போன ஆண்டு கதவைப் பிறாண்டிய நாயென்றால் டாக்டரிடம் பதற்றம் குறைக்கும் மாத்திரை கேளுங்கள். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சாதாரண நாளில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். வெடி தொடங்கிய பிறகு கொடுத்தால் பலிக்காது. விருந்தாளி வந்து போகும் வீட்டில் கிரில் திறந்தே கிடக்கும், அறைக்கதவில் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள்.

அப்படியும் ஓடிவிட்டால் பின்னால் ஓடாதீர்கள், ஓடினால் துரத்துகிறீர்கள் என்று நினைக்கும். மோட்டார் சைக்கிளில் விரட்டுவதும் அதே கதைதான். ஓடிய திசையைக் குறித்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே சீட்டியை ஊதுங்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும்: கேட்டைத் திறந்து வைத்து, மெத்தை உறையை வாசலில் போட்டு, சாலைப் பக்கம் வண்டியைக் குறுக்கே நிறுத்த வேண்டும். பெரும்பாலும் வந்த வழியே திரும்பும், பெரும்பாலும் ஊர் அடங்கிய பிறகு. லோங்காங் பாலத்தடிகளை டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் நிரைக்குள் இறங்கும் ஆட்களிடம் படத்தைக் காட்டுங்கள். நகராண்மைக் கழகத்துக்கும் சுற்றுவட்டாரக் கிளினிக்குகளுக்கும் சிப் எண்ணோடு தகவல் சொல்லுங்கள்.

கண்ணில் பட்டால் பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்காருங்கள், நேராகப் பார்க்காமல் ஈரலைத் தரையில் போட்டுக்கொண்டே இருங்கள். கைக்கெட்டியதும் முதலில் பட்டையைப் பிடியுங்கள், தலையைத் தடவுவது அப்புறம். வீட்டுக்கு வந்ததும் நான்கு பாதத்தையும் விரித்துப் பார்த்து முள்ளை எடுங்கள், உண்ணி தேடுங்கள், அடுத்த 5 நாளும் காலையில் ஈறு நிறத்தைப் பார்த்து எழுதி வையுங்கள்.